மாண்டேட் என்றால் என்ன? பாலஸ்தீனத்தில் பிரிட்டன் ஆண்ட முப்பது ஆண்டுகள்

1927ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நிர்வாகம் பாலஸ்தீனத்துக்கென்று தனி நாணயத்தை வெளியிட்டது. அதுவரை அங்கே எகிப்தியப் பவுண்டுதான் புழங்கிவந்தது. புதிய காசுகளில் நாட்டின் பெயர் ஆங்கிலம், அரபு, ஹீப்ரு ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்திலும் அரபியிலும் ‘பாலஸ்தீனம்’ என்பதோடு எழுத்து நின்றுவிட, ஹீப்ருவில் மட்டும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்துகள் கூடுதலாக இருந்தன. ‘எரெட்ஸ் இஸ்ராயேல்’, அதாவது இஸ்ரேல் நாடு, என்ற சொற்களின் முதலெழுத்துகள் அவை. அஞ்சல்தலைகளில் ஏற்கெனவே இருந்த வழக்கம் காசுக்கும் வந்து சேர்ந்தது. அந்த இரண்டு எழுத்துகளும் எதற்கு என்று அரபுத் தலைவர்கள் ஆட்சேபித்தார்கள். முழுப் பெயரையும் போடாமல் இரண்டு எழுத்தோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று யூதத் தரப்பில் குறைப்பட்டுக்கொண்டார்கள். பாலஸ்தீனத்தில் பிரிட்டன் நடத்திய ஆட்சியின் இயல்பைப் புரிந்துகொள்ள நினைப்பவர், அந்தக் காசிலிருந்தே தொடங்கலாம்.

பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு சுலபமான விளக்கங்கள் நம்மிடையே உலவுகின்றன. அரபுகளும் யூதர்களும் காலங்காலமாகப் பகைவர்கள் என்பது ஒன்று. எல்லாமே வெள்ளைக்காரனின் பிரித்தாளும் சூழ்ச்சி என்பது இன்னொன்று. முதல் விளக்கம் வரலாற்றோடு பொருந்தவில்லை. இரண்டாவதில் உண்மை இருக்கிறது என்றாலும், யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து தெளிவாகத் திட்டம் தீட்டி நிறைவேற்றியதைப் போன்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. லண்டனுக்கு அவ்வளவு தெளிவு இருந்ததாக ஆவணங்களைப் படிப்பவருக்குத் தோன்றாது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு கடமைகளை ஒரே சட்ட ஆவணத்தில் எழுதிவைத்து, அதற்குச் சர்வதேச ஒப்புதலும் பெற்று, முப்பது ஆண்டுகள் இரண்டையும் நிறைவேற்றிவருவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நிர்வாகத்தின் கதை என்றே இதைச் சொல்ல வேண்டும். அந்த ஆவணத்தின் பெயர்தான் மாண்டேட். தமிழில் இதை ‘ஆணையாட்சி’ எனலாம்.

பிரிட்டனுக்கு முன்

1517 முதல் 1917 வரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அந்தப் பகுதி ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்தது. அப்போது ‘பாலஸ்தீனம்’ என்பது மக்கள் வழங்கிய நிலப்பெயரே தவிர, தனி மாகாணத்தின் பெயரன்று. ஜெருசலேம் மாவட்டம் நேரடியாக இஸ்தான்புல்லின் பொறுப்பில் இருந்தது. வடக்கே நாப்லுஸ், ஆக்கர் மாவட்டங்கள் பெய்ரூட் மாகாணத்தைச் சேர்ந்திருந்தன. மக்களில் மிகப் பெரும்பாலோர் அரபு மொழி பேசும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்தாம். ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபெத், திபெரியாஸ் ஆகிய நகரங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த யூதச் சமூகங்களும் இருந்தன. ஒட்டோமான் ஆட்சியில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சம உரிமை நெடுங்காலம் இருக்கவில்லை. ஆயினும் மதச் சமூகங்கள் தத்தம் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொண்டு, அண்டை அயலாக வாழ முடிந்தது.

1880களில் ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது வன்முறை அலைகள் எழுந்தபின் புதிய வகைக் குடியேற்றம் தொடங்கியது. 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தியடோர் ஹெர்ஸல் கூட்டிய மாநாடு, பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தாயகம் அமைப்பதை இலக்காக அறிவித்தது. இதுவே சியோனிச இயக்கம். ஐரோப்பாவில் எங்கு போனாலும் அந்நியராகவே நடத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், தனக்கென ஒரு தேசம் வேண்டும் என்று நினைத்ததன் விளைவு அது. ஏறக்குறைய அதே காலத்தில் டமாஸ்கஸ், பெய்ரூட், ஜெருசலேம் நகரங்களின் படித்த அரபுகளிடையே அரபுத் தேசிய உணர்வும் முளைவிட்டது. நிலம் வாங்குவது, குத்தகை விவசாயிகளை வெளியேற்றுவது ஆகியவற்றை ஒட்டிய சச்சரவுகள் முதல் உலகப் போருக்கு முன்பே நடந்திருக்கின்றன. ஆகவே பிரிட்டன் வெற்றுத்தாளில் பகையை எழுதவில்லை.

போர்க்காலத்து மூன்று கடிதக்கட்டுகள்

1914இல் ஒட்டோமான் பேரரசு ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. அதை வீழ்த்த நினைத்த பிரிட்டன், அடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று தரப்பினரிடம் மூன்று விதமாகப் பேசியது. எகிப்திலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி மக்மஹோன், 1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை மெக்காவை ஆண்ட அரபுத் தலைவர் ஷெரீஃப் ஹுசைனோடு கடிதப் போக்குவரத்து நடத்தினார். துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தால் அரபுகளின் சுதந்திரத்தை ஆதரிப்பதாக அதில் வாக்களித்தார். டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ ஆகிய ‘மாவட்டங்களுக்கு மேற்கே’ உள்ள பகுதி மட்டும் விலக்கு என்று ஒரு கடிதம் சொன்னது. வரைபடத்தில் பார்த்தால் பாலஸ்தீனம் டமாஸ்கஸுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கிறது. அது விலக்கில் சேர்ந்ததா, இல்லையா என்பதைப் பற்றி அடுத்த கால் நூற்றாண்டு வாதம் நடந்தது.

1916 மே மாதத்தில், மார்க் சைக்ஸ் என்ற பிரிட்டிஷாரும் ஜார்ஜ் பிகோ என்ற பிரெஞ்சுக்காரரும் வகுத்த ரகசிய ஒப்பந்தத்தின்படி அதே நிலப்பரப்பு இரு வல்லரசுகளுக்கும் பங்கிடப்பட்டது. பாலஸ்தீனத்தின் பெரும்பகுதிக்குச் சர்வதேச நிர்வாகம் என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. மூன்றாவதாக, 1917 நவம்பர் 2ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூதச் சமூகத்தின் முக்கியத் தலைவரான ரோத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்தில் ‘யூத மக்களுக்கு ஒரு தேசியத் தாயகம்’ அமைவதைப் பிரிட்டிஷ் அரசு ஆதரிக்கிறது என்றும், அங்கே ஏற்கெனவே இருக்கும் ‘யூதரல்லாத சமூகங்களின் குடிமை, மத உரிமைகளுக்கு’ ஊறு நேரலாகாது என்றும் அந்தச் சிறிய அறிக்கை கூறியது.

அந்த வாசகத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். யூதர்கள் அதில் ‘மக்கள்’. அவர்களுக்குக் கிடைப்பது தேசியத் தாயகம். நாட்டில் பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபுகளை ‘அரபு’ என்ற சொல்லால்கூட அது சுட்டவில்லை. அவர்கள் ‘யூதரல்லாத சமூகங்கள்’. அவர்களுக்குக் குடிமை உரிமையும் மத உரிமையும் உண்டு, அரசியல் உரிமையைப் பற்றிப் பேச்சில்லை. பின்னாளில் நடந்த பலவற்றுக்கும் இந்தச் சொற்தேர்வே வித்து என்பது என் கருத்து.

அந்த அமைச்சரவையில் இந்த அறிக்கையைக் கடுமையாக எதிர்த்தவர் யார் என்பது இந்திய வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் வழியாக நமக்குப் பழக்கமான அதே எட்வின் மாண்டேகுதான் அவர். இந்திய விவகார அமைச்சர், அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர். இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று 1917 ஆகஸ்டில் அறிவித்த அவர், அதே மாதத்தில் பாலஸ்தீனத் திட்டம் யூதர்களுக்கே தீங்கு என்று ஒரு குறிப்பு எழுதினார். யூதர்களுக்கு வேறொரு நாடு உண்டு என்று சொல்லிவிட்டால், அவர்கள் பிறந்து வளர்ந்த நாடுகளிலெல்லாம் அவர்களை அந்நியராகக் கருத அதுவே சாக்காகிவிடும் என்பது அவருடைய அச்சம்.

பிரிட்டன் ஏன் இதைச் செய்தது? போருக்கு அமெரிக்க, ரஷ்ய யூதர்களின் ஆதரவைத் திரட்டலாம் என்ற மிகையான கணக்கு ஒரு காரணம். விவிலியத்தில் ஊறிய சில அமைச்சர்களின் மனச்சாய்வு இன்னொன்று. இவை இரண்டையும்விட உறுதியான காரணம் சூயஸ் கால்வாய். இந்தியாவுக்குச் செல்லும் அந்தக் கடல்வழியின் கிழக்குக் கரையில் வேறொரு வல்லரசு வந்து உட்காருவதை லண்டன் விரும்பவில்லை.

ஆணையாட்சி எனும் ஏற்பாடு

1917 டிசம்பரில் ஜெனரல் ஆலன்பியின் படைகள் ஜெருசலேமைக் கைப்பற்றின. 1918 செப்டம்பரில் ஹைஃபாவை மீட்டவை மைசூர், ஜோத்பூர் சமஸ்தானங்களின் குதிரைப்படைகள். போர் முடிந்ததும், வென்ற நாடுகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மக்களின் சுயநிர்ணய உரிமைக்காகவே போரிடுவதாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் உலகறியப் பேசியிருந்தார். அப்படியிருக்க, தோற்றவர்களின் நிலங்களை முன்போல நேரடியாகக் குடியேற்ற நாடுகளாக்கிக்கொள்வது அழகாக இராது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஆணையாட்சி.

போருக்குப்பின் நாடுகள் கூடி அமைத்த சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) உடன்படிக்கையில் 22ஆம் பிரிவு இதை விளக்குகிறது. தம் காலில் தாமே நிற்க இன்னும் இயலாத மக்களுக்கு ‘முன்னேறிய’ நாடு ஒன்று காப்பாளராக இருந்து வழிகாட்டும். அதைச் சங்கம் மேற்பார்வையிடும். வயதுக்கு வராத பிள்ளையின் சொத்தை நீதிமன்றம் நியமிக்கும் காப்பாளர் பார்த்துக்கொள்வதோடு இதை ஒப்பிடலாம். பிள்ளை வளர்ந்ததும் சொத்தைத் திருப்பித்தந்து காப்பாளர் விலகிவிட வேண்டும். முன்னாள் ஒட்டோமான் பகுதிகள் ‘அ’ வகுப்பில் வைக்கப்பட்டன. அதாவது அவை சுதந்திரத்துக்கு மிக அருகில் இருப்பவை, தற்காலிக ஆலோசனை மட்டும் போதும். ஆட்சிப் பொறுப்பை எந்த நாட்டிடம் ஒப்படைப்பது என்று முடிவுசெய்யும்போது அந்த மக்களின் விருப்பத்தை முதன்மையாகக் கருத வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது.

இராக்குக்கும் சிரியாவுக்கும் இந்தக் காப்பாளர் உவமை ஓரளவு பொருந்தும். இராக் 1932இல் பெயரளவிலாவது சுதந்திரம் பெற்றது. பாலஸ்தீனத்தில் மட்டும் உவமை முறிந்துவிடுகிறது. 1922 ஜூலையில் சர்வதேச சங்கம் ஒப்புதல் தந்த பாலஸ்தீன ஆணைப்பத்திரத்தின் முகப்பிலேயே பால்ஃபர் அறிக்கை சேர்க்கப்பட்டது. தேசியத் தாயகம் அமைவதற்கு ஏற்ற சூழலை உருவாக்குவது, யூதக் குடியேற்றத்துக்கு வசதி செய்வது, நிர்வாகத்துக்கு ஆலோசனை கூற ஒரு யூத முகமையை அங்கீகரிப்பது ஆகியவை காப்பாளரின் சட்டக் கடமைகளாயின. கூடவே, சுயாட்சி நிறுவனங்களை வளர்ப்பதும் எல்லாக் குடிகளின் உரிமையைக் காப்பதும் கடமைகளாயின. பிள்ளைக்குச் சொத்தைத் திருப்பித்தர வேண்டிய காப்பாளர், அதே சொத்தில் வேறொருவர் வீடு கட்டவும் உதவ வேண்டும் என்பது ஏற்பாடு; வரப்போகிறவரும் தம் மூதாதையரின் மனை அது என்று நம்புகிறார் என்பதுதான் சிக்கலை முழுமையாக்குகிறது. பாலஸ்தீனத்தில் இப்போது இருக்கும் குடிகளின் விருப்பத்தைக் கேட்பதாகப் பாவனை செய்யக்கூட எண்ணமில்லை என்று பால்ஃபரே 1919இல் ஓர் உள்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த வெளிப்படைத்தன்மை பொதுமேடைகளில் யாருக்கும் வாய்க்கவில்லை.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? 1922 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 7,57,000 பேர் இருந்தனர். அவர்களில் முஸ்லிம்கள் சுமார் 5,91,000, கிறிஸ்தவர்கள் 73,000, யூதர்கள் 84,000. தேர்தல் வைத்து ஒரு சட்டமன்றம் அமைத்தால், அதன் முதல் தீர்மானமே குடியேற்றத்தை நிறுத்துவதாகத்தான் இருக்கும். ஆகவே தேசியத் தாயகக் கடமை உயிரோடிருக்கும்வரை பெரும்பான்மை ஆட்சிக்கு வழியில்லை. 1922இல் பிரிட்டன் முன்வைத்த சட்டமன்றத் திட்டத்தில், பாலஸ்தீனத்தின் பிரிட்டிஷ் ஆட்சித் தலைவரான உயர் ஆணையரைத் தவிர 22 உறுப்பினர்கள். பத்துப் பேர் அரசு அதிகாரிகள், மீதிப் பன்னிரண்டு பேரில் எட்டு முஸ்லிம்கள், இரண்டு கிறிஸ்தவர்கள், இரண்டு யூதர்கள். அதிகாரிகளும் யூத உறுப்பினர்களும் சேர்ந்தால் அரபு உறுப்பினர்களை வென்றுவிடலாம் என்பதை எவரும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 1923இல் நடந்த தேர்தலை அரபுகள் புறக்கணித்தனர், மன்றம் அமையவேயில்லை. அதன்பின் கடைசிவரை அந்த நாடு உயர் ஆணையரின் ஆணைகளாலேயே ஆளப்பட்டது.

பொது மன்றம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு தரப்பும் தனித்தனி அரங்கில் இயங்கியது. யூதர்கள் தங்களுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை, 1920இல் உருவான ஹிஸ்தத்ரூத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, ஹகனா என்ற ரகசியத் தற்காப்புப் படை, ஹீப்ருப் பள்ளிகள், 1925இல் திறந்த ஹீப்ருப் பல்கலைக்கழகம் என்று ஓர் அரசின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டார்கள். அரபுகளுக்கு அதற்கு ஈடான தேசிய அமைப்பைப் பிரிட்டன் அங்கீகரிக்கவில்லை. ஆணைப்பத்திரத்தை ஏற்றுக்கொண்டால்தான் பேச்சு என்றது, அதை ஏற்பது தங்கள் நாட்டை எழுதிக்கொடுப்பதற்குச் சமம் என்று அரபுத் தலைவர்கள் நினைத்தார்கள். அதற்குப் பதிலாக மத அமைப்புகள் கிடைத்தன. 1921இல் ஹாஜ் அமீன் அல்-ஹுசைனி ஜெருசலேமின் முஃப்தி, அதாவது இஸ்லாமியச் சட்டத் தலைவர், ஆனார். அடுத்த ஆண்டு உருவான உயர் முஸ்லிம் மன்றத்தின் தலைமையும் வக்ஃபு வருமானமும் அவர் கைக்கு வந்தன. ஹுசைனி குடும்பத்தின் போட்டியாளர்களான நஷாஷிபி குடும்பத்தைச் சேர்ந்த ராகிப் நஷாஷிபி ஜெருசலேமின் மேயராக இருந்தார். இரு குடும்பங்களுக்கும் பதவியைப் பங்கிட்டுத் தட்டைச் சமமாக வைத்துக்கொள்வது அதிகாரிகளுக்குச் சௌகரியமாக இருந்தது. அரபு அரசியல் அந்தக் குடும்பச் சண்டையிலிருந்து மீளவேயில்லை. பிரித்தாளும் சூழ்ச்சி என்று சுட்டிக்காட்ட வேண்டுமானால், அரபு–யூதப் பிளவைவிட இதைத்தான் முதலில் காட்டுவேன்.

நிலமும் கூலியும்

சாதாரண அரபு விவசாயிக்கு பால்ஃபரின் கடிதத்தைவிட நிலப்பதிவேடு நெருக்கமானது. அவரைப் பாதித்த மாற்றம் 1858இலேயே தொடங்கியது. அந்த ஆண்டு வந்த ஒட்டோமான் நிலச்சட்டம், நிலங்களை யாராவது ஒருவர் பெயரில் பதிய வேண்டும் என்றது. பதிந்தால் வரி வரும், பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பார்கள் என்று அஞ்சிய பல கிராமத்தார், நகரத்துப் பெரிய மனிதர்களின் பெயரில் பதிவு நடக்க விட்டுவிட்டார்கள். தலைமுறைகளாக உழுதவர் குத்தகைதாரரானார். பெய்ரூட்டிலோ டமாஸ்கஸிலோ இருந்தவர் உரிமையாளரானார். போருக்குப்பின் லெபனானும் சிரியாவும் பிரெஞ்சு ஆணையாட்சிக்குள் போனதால், அந்த உரிமையாளர்களுக்குத் தங்கள் நிலம் வேறொரு நாட்டில் கிடந்தது. நல்ல விலை வந்தபோது அவர்கள் விற்றுவிட்டார்கள். பெய்ரூட்டின் சுர்சுக் குடும்பம் 1920களின் முற்பாதியில் ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கில் விற்ற பெருநிலங்கள் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு.

விற்பனையில் சட்டப் பிழை எதுவும் இல்லை, விலையும் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒட்டோமான் காலத்தில் நிலம் கைமாறினால் குத்தகைதாரர் பெரும்பாலும் அங்கேயே உழுதுகொண்டிருப்பார். முதலாளியின் பெயர்தான் மாறும். இப்போது வாங்கியது சியோனிச இயக்கத்தின் நிலம் வாங்கும் அமைப்பான யூத தேசிய நிதியம். அது வாங்கிய நிலத்தை மறுபடி விற்பதில்லை. யூதர்களுக்கு மட்டுமே குத்தகைக்கு விட்டது. அதில் யூதத் தொழிலாளர்களையே அமர்த்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. இதற்குச் சியோனிசத் தொழிலாளர் இயக்கத்தினர் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். மலிவான அரபுக் கூலியாட்களை வைத்துத் தோட்டம் நடத்தினால் நாமும் தென்னாப்பிரிக்க வெள்ளையரைப் போன்ற முதலாளி வர்க்கமாகிவிடுவோம், நம் கையாலேயே உழைத்தால்தான் நாம் ஒரு மக்களாவோம் என்றார்கள். கேட்க உயர்ந்த கொள்கைதான். ஆனால் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு, அதே நிலத்தில் கூலி வேலைக்கும் போக முடியாது என்பதே அதன் விளைவு. சுரண்டலைத் தவிர்க்கக் கொண்டுவந்த விதி, சேர்ந்து வாழும் வழியையும் அடைத்துவிட்டது. 1930இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஜான் ஹோப் சிம்ப்சனின் அறிக்கை இந்த நிபந்தனைகளை வெளிப்படையாகக் குறை கூறியது.

அளவை மிகைப்படுத்தாமலும் பார்க்க வேண்டும். 1947 வாக்கில் யூதர்களின் உடைமையாக இருந்த நிலம் நாட்டின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். விற்றவர்களிலும் வெளியூர் நிலவுடைமையாளர்கள் மட்டுமல்ல, மேடையில் தேசியம் பேசிய உள்ளூர் அரபுப் பிரமுகர்கள் சிலரும் இருந்தார்கள். இருந்தாலும் சமவெளியின் வளமான நிலங்களும் கடலோரமும் கைமாறியதை ஒவ்வொரு கிராமமும் கண்ணால் கண்டது.

கலவரம், விசாரணைக் குழு, வெள்ளை அறிக்கை

1920 ஏப்ரலில், நபி மூசா திருவிழாவின்போது ஜெருசலேமில் கலவரம் மூண்டது. 1921 மே மாதத்தில் யாஃபாவில் தொடங்கிய வன்முறையில் 47 யூதர்களும் 48 அரபுகளும் மாண்டனர். 1929 ஆகஸ்டில், ஜெருசலேமின் மேற்குச் சுவரில் வழிபாட்டு உரிமையைப் பற்றி ஓராண்டாகப் புகைந்துகொண்டிருந்த தகராறு நாடெங்கும் பற்றிக்கொண்டது. அந்தச் சுவர் யூதர்களுக்கு இடிந்த ஆலயத்தின் எச்சம். முஸ்லிம்களுக்கு அல்-அக்ஸா வளாகத்தின் மேற்கெல்லை. ஹெப்ரோனில் மட்டும் 67 யூதர்கள் அண்டை அயலாரால் படுகொலை செய்யப்பட்டார்கள்; வேறு சில அரபுக் குடும்பங்கள் யூதர்களைத் தங்கள் வீடுகளில் மறைத்துக் காப்பாற்றின. மொத்தத்தில் 133 யூதர்களும் 116 அரபுகளும் இறந்தார்கள். அரபுகளில் பெரும்பாலோர் போலீஸ், படையினரின் துப்பாக்கிக்கு இரையானவர்கள். ஹெப்ரோனின் யூதர்களில் பலர் சியோனிசத்தோடு அவ்வளவாகத் தொடர்பில்லாத பழைய குடியினர் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நம்மூர் யூதர்’ என்றும் ‘வந்தேறி யூதர்’ என்றும் இருந்த வேறுபாடு அந்த ஆகஸ்டில் அழிந்துபோயிற்று.

ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் லண்டனிலிருந்து ஒரு விசாரணைக் குழு வரும். குடியேற்றத்தையும் நில விற்பனையையும் பற்றிய அரபுகளின் அச்சமே வேர்க்காரணம் என்று அது அறிக்கை தரும். அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டுச் சற்றுப் பின்வாங்கும்; எதிர்த்தரப்பிலிருந்து அழுத்தம் வந்ததும் பின்வாங்கியதிலிருந்து பின்வாங்கும். 1929 கலவரத்துக்குப் பின் 1930 அக்டோபரில் வந்த பாஸ்ஃபீல்டு வெள்ளை அறிக்கை குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தப் பேசியது. நான்கே மாதத்தில், பிரதமர் ராம்சே மெக்டொனால்டு சியோனிசத் தலைவர் ஹைம் வைஸ்மனுக்கு எழுதிய கடிதம் அதைச் செல்லாக்காசாக்கியது. அதை அரபுகள் ‘கறுப்புக் கடிதம்’ என்று அழைத்தார்கள். மனு கொடுப்பதால் பயனில்லை, லண்டனில் யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ அவருக்கே தீர்ப்பு என்ற பாடத்தை அது கற்பித்தது. கலவரம் நடந்தால்தான் குழு வருகிறது என்ற இன்னொரு பாடமும் கூடவே வந்தது.

1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்தபின் எல்லாக் கணக்கும் மாறியது. அமெரிக்கா 1924லேயே குடியேற்றத்துக்குக் கதவைச் சாத்தியிருந்தது. தப்பியோட வேறு இடமில்லாத யூதர்கள் பாலஸ்தீனத்துக்கு வந்தார்கள். 1935இல் மட்டும் 60,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். 1922இல் மக்கள்தொகையில் 11 விழுக்காடாக இருந்த யூதர்கள், 1936இல் 30 விழுக்காட்டை நெருங்கினார்கள். வந்தவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை; இருந்தவர்களுக்கு, இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சொந்த நாட்டில் சிறுபான்மையாகிவிடுவோம் என்ற கணக்கு.

1936இன் எழுச்சி

1936 ஏப்ரலில் தொடங்கிய அரபுப் பொதுவேலைநிறுத்தம் ஆறு மாதம் நீடித்தது. அது ஓய்ந்ததும் வந்த பீல் பிரபுவின் குழு, 1937 ஜூலையில் முதல்முறையாக ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: ஆணைப்பத்திரத்தின் இரு கடமைகளும் சேர்ந்து நடவாதவை. நாட்டை இரண்டாகப் பிரிக்கலாம் என்றும், தேவையானால் யூதப் பகுதியிலிருந்து சுமார் 2,25,000 அரபுகளை இடம் மாற்றலாம் என்றும் அது பரிந்துரைத்தது. பீல் முன்னாள் இந்திய விவகார அமைச்சர். பிரிவினை, இடமாற்றம் ஆகிய இரு சொற்களும் அரசாங்கத் தாளில் ஏறிவிட்டன. சியோனிசத் தலைமை தயக்கத்தோடு பேச்சுக்கான அடிப்படையாக அதை எடுத்துக்கொண்டது, அரபுகள் நிராகரித்தார்கள். எழுச்சி ஆயுதப் போராக மாறியது.

அதை அடக்கிய விதத்தில்தான் ‘காப்பாளர்’ என்ற சொல்லின் கடைசிச் சாயமும் வெளுத்தது. கிராமம் முழுவதற்கும் தண்டவரி, விசாரணையின்றிக் காவல், கிளர்ச்சியாளரின் உறவினர் வீட்டை வெடிவைத்துத் தகர்த்தல் ஆகியவை சட்டபூர்வமான நடைமுறைகளாயின. யாஃபாவின் பழைய நகரில் படைகள் நுழைய வழி வேண்டும் என்று 1936 ஜூனில் வரிசை வரிசையாக வீடுகள் தகர்க்கப்பட்டன. நகர மேம்பாட்டுப் பணி என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. வங்கப் புரட்சியாளர்களை ஒடுக்கிப் பேர் வாங்கிய கல்கத்தா போலீஸ் கமிஷனர் சார்லஸ் டெகார்ட் ஆலோசகராக வரவழைக்கப்பட்டார்; அவர் யோசனைப்படி வட எல்லையில் முள்வேலியும் நாடெங்கும் கோட்டைபோன்ற போலீஸ் நிலையங்களும் எழுந்தன. அந்தக் கட்டடங்கள் சிலவற்றை இன்றும் காணலாம். ஆர்டு விங்கேட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1938இல் யூத இளைஞர்களைச் சேர்த்து இரவுத் தாக்குதல் படைகளைப் பழக்கினார். 1939இல் எழுச்சி நசுங்கியபோது சுமார் 5,000 அரபுகள் உயிரிழந்திருந்தார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. யூதர்களிலும் பிரிட்டிஷாரிலும் பல நூறு பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அரபுகள் தூக்கிலிடப்பட்டார்கள். தலைவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள் அல்லது தப்பியோடினார்கள். முஃப்தி பின்னர் பெர்லினுக்குப் போய் ஹிட்லரோடு கைகோத்துத் தம் மக்களின் வழக்குக்குப் பெருங்கேடு விளைவித்தார். 1948இல் அரபுச் சமூகம் அவ்வளவு எளிதில் சிதறியதன் காரணத்தை இந்த மூன்றாண்டுகளில் தேட வேண்டும்.

விலகல்

இன்னொரு உலகப் போர் நெருங்கியபோது பிரிட்டனுக்கு அரபு நாடுகளின் எண்ணெயும் அமைதியும் தேவைப்பட்டன. 1939 மே மாத வெள்ளை அறிக்கை, யூதக் குடியேற்றத்தை ஐந்தாண்டுகளுக்கு 75,000 என்று வரையறுத்து, அதற்குமேல் அரபுகளின் சம்மதம் வேண்டும் என்றும், பத்தாண்டில் சுதந்திரப் பாலஸ்தீனம் என்றும் சொன்னது. அரபுத் தலைமை இது போதாது என்றது. யூதர்கள் இதைத் துரோகம் என்றார்கள். அதன் காலப்பொருத்தம் கொடூரமானது: ஐரோப்பாவில் யூதர்கள் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு இருந்த ஒரு கதவு மூடப்பட்டது. 1942 பிப்ரவரியில், பாலஸ்தீனத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்காத ஸ்ட்ரூமா என்ற அகதிக் கப்பல் கருங்கடலில் மூழ்கடிக்கப்பட்டு, அதிலிருந்த ஏறக்குறைய எல்லோரும் இறந்தனர்.

போர் முடிந்ததும் துப்பாக்கி மறுபக்கத்திலிருந்து பிரிட்டனை நோக்கித் திரும்பியது. 1946 ஜூலை 22 அன்று பிரிட்டிஷ் நிர்வாக அலுவலகம் இயங்கிய ஜெருசலேமின் கிங் டேவிட் விடுதியை இர்குன் என்ற யூத ஆயுதக்குழு வெடிவைத்துத் தகர்த்ததில் 91 பேர் மாண்டனர். அவர்களில் பிரிட்டிஷார், அரபுகள், யூதர்கள் எல்லோரும் இருந்தார்கள். சுமார் ஒரு லட்சம் படையினரை வைத்தும் ஆள முடியாத நாட்டை, 1947 பிப்ரவரியில் பிரிட்டன் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பில் விட்டது. நவம்பர் 29ஆம் நாள் 33 நாடுகள் ஆதரவாகவும் 13 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, பிரிவினைத் தீர்மானம் நிறைவேறியது. மூன்று மாதத்துக்கு முன்புதான் தன் சொந்தப் பிரிவினையின் இரத்தத்தைப் பார்த்திருந்த இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரான யூதர்களின் அரசுக்கு நிலத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு என்று வகுத்த அந்தத் திட்டத்தை யூதத் தலைமை ஏற்றது, அரபுகள் மறுத்தார்கள். மறுநாளே உள்நாட்டுப் போர் தொடங்கியது. திட்டத்தை நடைமுறைப்படுத்த உதவ மாட்டோம் என்று அறிவித்துவிட்டு, பிரிட்டிஷ் படைகள் முகாம்களைக் காலிசெய்யத் தொடங்கின.

1948 மே 14 அன்று கடைசி உயர் ஆணையர் ஆலன் கன்னிங்ஹாம் ஜெருசலேமை விட்டுக் கிளம்பி ஹைஃபாவில் கப்பலேறினார். ஆட்சியை அவர் எவரிடமும் கையளிக்கவில்லை. அன்று மாலை டெல் அவீவில் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. போர் ஓய்ந்தபோது ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் அகதிகளாகியிருந்தனர்.

இரண்டு எழுத்துச் சண்டை நடந்த அந்த நாணயம் ஆட்சி போனபின்னும் சில காலம் இருபுறமும் புழங்கி, பிறகு மறைந்தது. சட்டம் அவ்வளவு எளிதில் மறையவில்லை. யூத ஆயுதக்குழுக்களை ஒடுக்குவதற்காக 1945இல் பிரிட்டன் பிறப்பித்த பாதுகாப்பு அவசரகால ஒழுங்குவிதிகள் விசாரணையற்ற காவலையும் வீட்டிடிப்பையும் ஊரடங்கையும் ராணுவ நீதிமன்றங்களையும் அனுமதித்தன. அவற்றை 1946இல் யூத வழக்கறிஞர்கள் கூடிக் கடுமையாகக் கண்டித்தார்கள். 1948க்குப் பின் இஸ்ரேல் அரசு அவற்றை ரத்துசெய்யவில்லை. தன் எல்லைக்குள் எஞ்சியிருந்த அரபுக் குடிமக்களை 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் வைத்திருக்க அந்த விதிகளையே பயன்படுத்தியது.